இடமும் காலமும் தேடியவர்: வானியல் அறிஞர் வைணு பாப்பு

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

உலகின் வடகோடியில் வாழும் மக்களுக்கு இயற்கை அன்னை ஒரு தனிக் காட்சியை வழங்கியிருக்கிறாள். நீண்ட குளிர்கால இரவுகளில் வானமே ஒரு பெரிய திரைச்சீலையாக மாறி, அதில் பச்சையும் சிவப்புமாக ஒளி அலையலையாக ஆடும். இதனை வடதுருவ ஒளி என்பர். கதிரவனிலிருந்து வீசும் மின்னேற்றம் பெற்ற நுண்துகள்கள் பூமியின் காந்தப் புலத்தால் துருவங்களை நோக்கி இழுத்துச் செல்லப்பட்டு, மேல்வளியில் உள்ள அணுக்களோடு மோதுவதால் அவ்வொளி பிறக்கிறது. 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள ஆக்சிஜன் அணுக்கள் பச்சை ஒளியையும், 200 கிலோமீட்டருக்கு மேல் உள்ளவை சிவப்பு ஒளியையும் உமிழ்கின்றன.

ஆனால் அதனைக் காண விரும்புகிறவன் கண்ட இடத்தில், கண்ட நேரத்தில் போய் நின்றால் காண முடியாது. இடம் வேண்டும், காலமும் வேண்டும். நார்வேயின் திரோம்சோ, சுவீடனின் கிருனா, அலாஸ்காவின் பேர்பேங்க்ஸ் முதலிய ஊர்கள் அதற்கேற்ற இடங்கள். செப்டம்பர் முதல் மார்ச் வரையிலான இருண்ட மாதங்களும், இரவு பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடைப்பட்ட நேரமும் அதற்கேற்ற காலம். நிலவும் இருத்தல் ஆகாது. மேகமும் இருத்தல் ஆகாது. ஊர் விளக்குகளும் அருகில் இருத்தல் ஆகாது. அதோடு கதிரவனில் கரும்புள்ளிகள் பெருகும் ஆண்டாகவும் இருந்தால் காட்சி மேலும் சிறக்கும். அந்தப் பெருக்கம் ஏறத்தாழ பதினோர் ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது.

காவிரியும் பவானியும் கூடும் நம் கூடுதுறையில் நின்று எத்தனை இரவுகள் அண்ணாந்து பார்த்தாலும் அந்த ஒளி நமக்குத் தெரியப் போவதில்லை. பூமிக்கு நிலநடுக்கோடு இருப்பது போலக் காந்த நடுக்கோடு ஒன்றும் உண்டு. அது நம் நாட்டின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. ஆகவே துருவ ஒளியிலிருந்து மிகமிக விலகியிருப்பவர்கள் நாம்தாம். அப்படியானால் நமக்கென்று வானம் எதையும் வைக்கவில்லையா? வைத்திருக்கிறது. அதைக் காணத் தக்க இடம் எது, தக்க காலம் எது என்று தேடுவதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவர், சென்னையில் பிறந்து, தமிழக மலை ஒன்றின் மேல் தம் கனவை நிலைநாட்டிச் சென்றார். அவர்தாம் வானியல் அறிஞர் டாக்டர் வைணு பாப்பு.

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அவை அரசனுக்காகச் சொல்லப்பட்டவை. ஆயினும் அம்மூன்றும் ஓர் அறிவியல் அறிஞரின் வாழ்வில் எவ்வாறு ஒருங்கே அமைந்தன என்பதற்கு வைணு பாப்புவின் வரலாறு நல்ல சான்றாகும்.

பிறப்பும் இளமையும்

மணலி கல்லாட் வைணு பாப்பு 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஒரே மகன். குடும்பம் கேரளத்தின் தலைச்சேரியைச் சேர்ந்தது. தந்தையார் ஐதராபாத்தில் உள்ள நிஜாமியா வானாய்வகத்தில் உதவியாளராகப் பணிபுரிந்தார். மற்றப் பிள்ளைகள் தெருவில் விளையாடிய வயதில், இந்தப் பிள்ளை தந்தையோடு தொலைநோக்கியின் அருகில் நின்று விண்மீன்களைப் பார்த்து வளர்ந்தது. தறிக்காரர் வீட்டுப் பிள்ளை தறியோசையிலேயே ஊடும் பாவும் கற்பது போல, அவர் வானாய்வக வாசலிலேயே வானியலைக் கற்றார் எனின் மிகையாகாது.

பள்ளிப் படிப்பும் கல்லூரிப் படிப்பும் செகந்திராபாத், ஐதராபாத் நகரங்களில் நடந்தன. நிஜாம் கல்லூரியில் பயின்ற நாளிலேயே ஒளி மாறும் விண்மீன்களை உற்று நோக்கிக் குறிப்பெடுத்து, ஆய்வுக் கட்டுரைகளும் வெளியிட்டார். மாணவன் என்பவன் பாடநூலோடு நின்றுவிட வேண்டியவன் அல்லன் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. பின்னர் இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். அமெரிக்க வானியல் அறிஞர் ஹார்லோ ஷாப்லியின் தொடர்பு கிடைத்தது. ஐதராபாத் அரசின் உதவித்தொகையும் கிடைத்தது. 1949-இல் புகழ்பெற்ற ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

வால்மீனும் விண்மீனும்

ஹார்வர்டில் கால் வைத்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. 1949 ஜூலை 2-ஆம் நாள் எடுத்த ஒளிப்படத் தகட்டை ஆராய்ந்தபோது, அதுவரை எவரும் அறியாத ஒரு வால்மீன் அதில் பதிந்திருப்பதைக் கண்டார். பேராசிரியர் பார்ட் போக், உடன் பயின்ற நியூகர்க் ஆகியோர் பெயரும் சேர்த்து அது பாப்பு-போக்-நியூகர்க் வால்மீன் என்று வழங்கப்படுகிறது. பசிபிக் வானியல் கழகம் இதற்காக அவருக்குத் தோனகோ பதக்கம் வழங்கியது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு கூட நிரம்பவில்லை. நம் வகுப்பறைகளில் அமர்ந்திருப்போரின் வயதுதான்!

1952-இல் டாக்டர் பட்டம் பெற்றபின், கலிபோர்னியாவின் பாலோமர் வானாய்வகத்தில் பணிபுரியும் வாய்ப்பு வந்தது. 200 அங்குலப் பெருந்தொலைநோக்கி இருக்கும் இடம் அது. அங்கே ஆலின் வில்சன் என்பாரோடு சேர்ந்து அவர் கண்ட உண்மையே இன்று வில்சன்-பாப்பு விளைவு என்று உலகெங்கும் பயிலப்படுகிறது. இருவரும் அதனை 1957-இல் வெளியிட்டனர்.

அந்த விளைவு யாது? விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் கால்சியம் தனிமத்திற்குரிய ‘கே’ என்னும் கோடு ஒன்று தெரியும். குளிர்ந்த வகை விண்மீன்களில் அந்தக் கருங்கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கோடு ஒன்று காணப்படும். அதன் அகலம் கூடக் கூட அந்த விண்மீனின் உண்மையான ஒளிர்வும் கூடுகிறது என்பதே அவர்கள் கண்ட விதி. ஓர் விளக்கின் உண்மையான ஆற்றல் தெரிந்துவிட்டால், கண்ணுக்கு அது எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதைக் கொண்டு அது எவ்வளவு தொலைவில் உள்ளது என்று எதிரிருமடி விதியால் கணக்கிடலாம் அன்றோ? அதுபோல ஒரு கோட்டின் அகலத்தை அளந்தே விண்மீனின் தொலைவைச் சொல்லும் வழி பிறந்தது.

தாயகம் திரும்பினார்

இத்தகைய புகழ் பெற்றவர் அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால் உலகின் மிகச் சிறந்த கருவிகள் அவர் கைக்கெட்டும் தொலைவில் இருந்திருக்கும். அவரோ 1953-இல் இந்தியா திரும்பினார். அப்போது இங்கே விண்மீன்களை ஆராயத் தக்க பெரிய தொலைநோக்கி ஒன்றுகூட இல்லை. கருவி இருக்கும் இடத்திற்குத் தாம் போவதா, தாம் இருக்கும் நாட்டிற்குக் கருவியைக் கொண்டுவருவதா என்ற கேள்விக்கு அவர் கண்ட விடை இரண்டாவது. அந்த விடைக்கு அவர் கொடுத்த விலை பெரிது. இரவெல்லாம் ஆராய்ந்திருக்க வேண்டியவர், பகலெல்லாம் கோப்புகளோடும் கட்டடங்களோடும் போராட வேண்டியதாயிற்று.

1954-இல் உத்தரப் பிரதேச அரசின் வானாய்வகம் வாரணாசியில் தொடங்கப்பட்டது. அதன் பொறுப்பு அவ்வாண்டிலேயே பாப்புவிடம் வந்தது. கங்கைச் சமவெளியின் தூசியும் புழுதியும் நிறைந்த வானம் ஆய்வுக்கு உதவாது. ஆகவே 1955-இல் ஆய்வகம் இமயமலை அடிவாரத்து நைனிடாலுக்கு மாறியது. பிற்காலத்தில் அதனருகிலுள்ள மனோரா முகட்டில் நிலைபெற்றது. இடனறிதலில் பாப்பு பெற்ற முதற்பயிற்சி இதுவே எனலாம்.

கோடைக்கானலிலிருந்து காவலூருக்கு

1960-இல் கோடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநர் பதவி அவரைத் தேடி வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டுதான். 1786-இல் தோன்றிய சென்னை வானாய்வகத்தின் வழிவந்தது கோடைக்கானல் வானாய்வகம். 1901 முதல் அங்கே கதிரவனைத் தொடர்ந்து ஆராய்ந்து வந்தனர். கதிரவனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை 1909-இல் எவர்ஷெட் கண்டறிந்ததும் அங்கேதான்.

கோடைக்கானல் கதிரவனைப் பார்க்க நல்ல இடம். காலை வேளையில் வானம் தெளிந்திருக்கும். ஆனால் இரவில் விண்மீனைப் பார்க்க அது ஏற்றதன்று; மலை முகட்டைப் பனிமூட்டமும் மேகமும் அடிக்கடி மூடிவிடும். பாப்புவின் கண்ணோ விண்மீன்மேல் இருந்தது. ஆகவே அவர் புதிய இடம் தேடினார். தென்னாட்டின் மலைகளில் பல இடங்களை ஆராய்ந்து பார்த்தனர்.

அவர் தேடியது என்ன? விண்மீன் மினுக்குவது கவிஞனுக்கு அழகு. வானியல் அறிஞனுக்கு இடையூறு. வெயிலில் காய்ந்த தார்ச்சாலையின் மேல் காற்று நெளிவதைப் பார்த்திருப்போம். அதேபோல் வளிமண்டலத்தில் சூடும் குளிரும் கலந்து நெளியும்போது விண்மீனின் உருவம் நடுங்கிச் சிதறுகிறது. அந்த நடுக்கம் குறைந்த இடம் வேண்டும். ஆண்டில் மேகமற்ற இரவுகள் மிகுந்திருக்க வேண்டும். நகர விளக்கொளி எட்டாத தொலைவும் வேண்டும். ஆனால் கருவியைக் கொண்டு செல்லச் சாலை அமைக்க முடியாத தொலைவாகவும் இருத்தல் ஆகாது. இத்தனையும் ஒருங்கே அமைந்த இடம் எளிதில் கிடைப்பதா?

கிடைத்தது. ஜவ்வாது மலையில், வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகச் செல்லும் சாலையில், சந்தன மரங்களுக்குப் பேர்போன காட்டின் நடுவே, காவலூர் என்னும் சிற்றூரை அவர் தேர்ந்தார். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 725 மீட்டர் உயரம். அன்று வட ஆர்க்காடு மாவட்டமாக இருந்த அப்பகுதி இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளது.

காவலூருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அது 12½ பாகை வட அகலாங்கில், நிலநடுக்கோட்டிற்கு அருகில் உள்ளது. வடகோடியில் இருப்பவர்களுக்குத் துருவ ஒளி தெரியும்; ஆனால் தென்வானம் தெரியாது. காவலூரிலிருந்து வடவானின் பெரும்பகுதியையும் தென்வானின் பெரும்பகுதியையும் காணலாம். நாம் அகத்தியர் மீன் என்று அழைக்கும் விண்மீனையும், தென்சிலுவை மண்டலத்தையும் ஐரோப்பாவின் பெரிய வானாய்வகங்கள் பலவற்றிலிருந்து காணவே முடியாது. நமக்கென்று வானம் வைத்திருக்கும் செல்வம் இது. அந்தச் செல்வத்தின் மதிப்பை அறிந்து அதற்கேற்ற இடத்தைக் கண்டவர் பாப்பு.

1968-இல் அங்கே 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்று பணியைத் தொடங்கியது. அது வெளிநாட்டில் வாங்கியதன்று. ஆய்வகத்தின் பட்டறையிலேயே செய்தது. சிறிதாயினும் சொந்தக் கையால் செய்ததைக் கொண்டு தொடங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. வலியறிதல் என்பது இதுவன்றோ! 1972-இல் ஜெர்மனியின் ஜெனா நகரத்து சைஸ் நிறுவனத்தார் செய்த 102 சென்டிமீட்டர் தொலைநோக்கி காவலூரில் நிறுவப்பட்டது.

காலம் கைகூடிய இரவுகள்

இடம் சரியாக அமைந்தால் போதுமா? காலமும் கூட வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதைப்பவர்கள் நம் கொங்கு நாட்டு உழவர்கள். வானியலுக்கும் பட்டம் உண்டு. காவலூரில் தை பிறந்து சித்திரை வரையிலான மாதங்களே தெளிந்த இரவுகள் மிகுந்த காலம். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் மேகத்தைக் கொண்டுவந்துவிடும். ஆகவே கிடைக்கும் இரவுகளை ஒரு நொடியும் வீணாக்காமல் பயன்படுத்த வேண்டும்.

1972 ஜூன் 7-ஆம் நாள் வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனின் முன்னே கடந்து அதனை மறைத்தது. இந்தக் காட்சி உலகின் எல்லா இடங்களிலும் தெரிவதன்று. இந்தோனேசியாவிலும் நம் காவலூரிலும் அதனை அளந்தனர். கானிமீடைச் சுற்றி மெல்லிய வளி இருக்கலாம் என்னும் கருத்துக்கு அது வழிவகுத்தது. தொலைநோக்கி வந்த அதே ஆண்டிலேயே அது உலக ஆய்வில் பங்கு பெற்றது என்பது எண்ணி மகிழத்தக்கது.

1977 மார்ச்சு 10-ஆம் நாள் இரவு இன்னும் பெரியது. யுரேனசுக் கோள் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. அக்காட்சி இந்தியப் பெருங்கடலைச் சூழ்ந்த பகுதிகளிலேயே தெரியும் என்பதால், அமெரிக்கர் தொலைநோக்கி பூட்டிய வானூர்தியில் ஏறி அக்கடலின் மேல் பறந்தனர். காவலூரில் பாப்புவின் குழுவினர் தம் மலையிலேயே விழித்திருந்தனர். கோள் விண்மீனை நெருங்குவதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. கோளைச் சுற்றி ஏதோ ஒன்று இருக்க வேண்டும். சனிக்கு மட்டுமே வளையம் உண்டு என்று நூல்கள் சொல்லிவந்த காலம் அந்த இரவோடு முடிந்தது. யுரேனசுக்கும் வளையங்கள் உண்டு என்பதை உலகிற்கு உணர்த்திய இடங்களுள் நம் ஜவ்வாது மலையும் ஒன்று. இடமும் காலமும் ஒருங்கே வாய்க்கும்போது, ஒரு மீட்டர் கண்ணாடியும் பேரறிவைத் தரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

நிறைவேறிய கனவு, காணாத கண்கள்

பாப்பு அத்துடன் நிறைவடையவில்லை. 1971-இல் கோடைக்கானல் ஆய்வகம் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் என்னும் தன்னாட்சி நிறுவனமாயிற்று. அதன் தலைமையகம் பின்னர் பெங்களூருக்கு மாறியது. அவரே அதன் முதல் இயக்குநர். அவர் உள்ளத்தில் ஒரு பெரிய கனவு இருந்தது. 234 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்ய வேண்டும். வெளிநாட்டிலிருந்து முழுதாக வாங்கி வந்து வைத்துவிட்டால், அது பழுதானால் மீண்டும் அவர்களையே நாட வேண்டும். நாமே செய்தால் செய்யும் அறிவும் நம்மிடம் தங்கும் என்பது அவர் எண்ணம்.

ஆடியைத் தேய்த்து மெருகூட்டும் வேலை பெங்களூரில் அவருடைய நிறுவனத்தின் ஒளியியல் கூடத்தில் நடந்தது. ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பகுதியளவு பிழைகூட இல்லாமல் இரண்டு மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆடியைத் தேய்ப்பது எத்தகைய பொறுமை வேண்டும் வேலை என்பதை, இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் குவிலென்சோடு பழகிய நாம் ஓரளவு உணரலாம். மாபெரும் எஃகுத் தாங்கிகளை மகாராட்டிரத்தின் வால்சந்த் நகர்த் தொழிற்சாலை செய்தது.

இதற்கிடையே உலகப் பெருமைகள் அவரை வந்தடைந்தன. 1970-இல் பட்நாகர் பரிசும், 1981-இல் பத்மபூஷண் விருதும் பெற்றார். 1979-இல் அனைத்துலக வானியல் கழகத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே.

1982 ஆகஸ்டில் அக்கழகத்தின் மாநாடு கிரேக்க நாட்டின் பத்ராஸ் நகரில் கூடியது. தலைமை ஏற்க வேண்டியவர் ஜெர்மனியின் மியூனிக் நகரில் இதய நோய்க்கு மருத்துவம் பெற்றுக்கொண்டிருந்தார். மாநாடு நடந்துகொண்டிருந்தபோதே, ஆகஸ்டு 19-ஆம் நாள், அவர் உயிர் பிரிந்தது. ஐம்பத்தைந்து வயது நிறைந்து ஒன்பது நாட்களே ஆகியிருந்தன.

அவர் கனவு கண்ட தொலைநோக்கி அப்போது முடிவடையவில்லை. உடனிருந்தோர் அந்தப் பணியைத் தொடர்ந்து முடித்தனர். 1986 ஜனவரி 6-ஆம் நாள் அன்றைய பிரதமர் இராஜீவ் காந்தி அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயரே சூட்டப்பட்டது. இடம் கண்டவர் அவர். ஆடியைத் தேய்க்கச் செய்தவர் அவர். ஆனால் அந்த ஆடியில் விழுந்த விண்மீன் ஒளியைக் காணும் காலம் மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை. அவர் வரலாற்றைப் படிப்போர் நெஞ்சை உருக்கும் இடம் இது. எனினும் விதைத்தவன் உண்ணாவிட்டால் என்ன? விளைச்சல் வீணாகவில்லை. அதே காவலூரில் 1988-இல் கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்று நம் கணித மேதை இராமானுஜன் பெயரைத் தாங்கி இன்று கதிரவனைச் சுற்றி வருகிறது.

வடதுருவ ஒளி இந்தியாவில் தெரிந்த இரவு

இக்கட்டுரையைத் துருவ ஒளியில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. பாப்பு வளர்த்த அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனம், அவர் காட்டிய வழியிலேயே மேலும் நல்ல இடம் தேடி, லடாக்கின் ஹான்லே என்னும் இடத்தில் ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் வானாய்வகம் அமைத்தது. அங்குள்ள இரண்டு மீட்டர் தொலைநோக்கி 2000-ஆம் ஆண்டில் முதல் ஒளி கண்டது. 2022-இல் அப்பகுதி இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

2024 மே 10-ஆம் நாள் இரவு, கதிரவனின் பெருங்கொந்தளிப்பால் பூமியின் காந்தப் புலம் வலுவாக அதிர்ந்தபோது, ஹான்லேயின் வானம் சிவந்தது. அங்கிருந்த ஒளிப்படக் கருவிகள் அதனைப் பதிவு செய்தன. பச்சை தெரியவில்லை, சிவப்பே தெரிந்தது. ஏனெனில் தொலைவில் வடக்கே எழுந்த ஒளித்திரையின் அடிப்பகுதி பூமியின் வளைவால் மறைய, மிக உயரத்துச் செவ்வொளி மட்டும் அடிவானத்திற்கு மேல் தெரிந்தது. இந்தியாவில் காண இயலாது என்று எண்ணியிருந்த காட்சியைத் தக்க இடமும் தக்க காலமும் சேர்ந்து காட்டிவிட்டன.

நாம் பெறும் படிப்பினை

எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்பு வாசலை மிதித்தவன் நானே முதல்வன். வானத்தைப் பார்த்தால் வயிறு நிறையுமா என்று கேட்போர் எங்கள் தெருவிலும் உண்டு. அந்தக் கேள்வி தவறானதன்று. பசித்தவர் கேட்கும் நேர்மையான கேள்வி. அதற்கு வைணு பாப்புவின் வாழ்க்கை ஒரு விடை தருகிறது. வானத்தைப் பார்ப்பதற்காக அவர் ஆடி தேய்க்கும் கலையை இந்நாட்டில் வளர்த்தார். நுண்கருவி செய்யும் பட்டறையை வளர்த்தார். இளைஞர் பலருக்கு ஆராய்ச்சித் தொழிலைத் தந்தார். வெறுங்கையோடு திரும்பி வந்த நாட்டில் முப்பது ஆண்டுக்குள் இத்தனையும் அவர் செய்தார்.

இன்று அவர் தேடிய இருளுக்கே ஆபத்து வந்திருக்கிறது. ஊர்கள் வளர்கின்றன, விளக்குகள் பெருகுகின்றன. வெளிச்சத்தைக் கீழே பாய்ச்சாமல் மேலே பாய்ச்சும் விளக்குகளால் வானம் வெளுக்கிறது. விளக்குக்கு ஒரு மூடி இட்டால் தெருவும் ஒளி பெறும்; வானமும் இருள் காக்கும். இதைச் சொல்லவும் செய்யவும் அறிவியல் மாணவர்களாகிய நமக்குக் கடமை உண்டு.

நண்பர்களே! தை, மாசி மாதத்தில் நிலவில்லாத ஓர் இரவில் தெருவிளக்கு எட்டாத வயல்வெளிக்குச் செல்லுங்கள். கண் இருளுக்குப் பழக இருபது நிமிடம் பொறுத்திருங்கள். தென்திசையில் அகத்தியர் மீன் ஒளிரும். நார்வே நாட்டார் தம் வானத்தில் காணாத செல்வம் அது. நமக்கு வாய்த்த இடம் எது, நமக்கு வாய்த்த காலம் எது, நம் வலிமை எவ்வளவு என்று அறிந்து, உள்ளதைக் கொண்டே தொடங்குவோம். வைணு பாப்பு என்னும் பெருமகனார் நமக்கு விட்டுச்சென்ற செல்வம் அதுவே.

வாழ்க அவர் புகழ்!